குமிழிக்குள் ஒரு முகம்

நம் மொழிக்கழக அறிவிப்புப் பலகையின் முன் ஒருமுறை நின்று பாருங்கள். செயலவை உறுப்பினர்கள் பதினைந்து பேரும் ஆளுக்கொரு சோப்புக் குமிழிக்குள் மிதந்துகொண்டிருப்பார்கள். தலைவரின் குமிழி பெரியது. துணைத்தலைவருக்கும் செயலாளருக்கும் நடுத்தரக் குமிழிகள். மற்றவர்களுக்குச் சிறியவை. புதிதாக வந்த முதலாமாண்டு மாணவர்கள் அதன்முன் நின்று தாங்களும் படம் எடுத்துக்கொண்டார்கள். "யார் செய்தது?" என்று கேட்டவர்களுக்கு என் பெயர் சொல்லப்பட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் குமிழிகளை ஊதிய நானே இன்று அவற்றைப் பற்றி ஒரு புகார் எழுதுகிறேன். புகார் வேறு யார்மீதும் அல்ல, என்மீதுதான்.

குமிழி ஊதும் முறை

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை அன்று. போட்டோஷாப்பில் ஒருவரின் படத்தைத் திறந்து, அதன்மீது அதே படத்தின் இன்னொரு நகலை அடுக்காக வைக்கிறோம். இதைத்தான் லேயர் என்கிறோம். வட்டத் தேர்வுக் கருவியை எடுத்து, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு முகத்தைச் சுற்றி இழுத்தால் சரியான வட்டம் கிடைக்கும். பிறகு ஸ்பெரைஸ் என்ற ஃபில்டர். அதை நூறு விழுக்காட்டுக்குத் தள்ளினால் தட்டையான முகம் பந்துபோல முன்னே உப்பி வரும். வட்டத்துக்கு வெளியே உள்ளதை மறைத்துவிட்டு, புதிய அடுக்கொன்றில் வெள்ளை நிறத்தை நிரப்பி, நடுப்பகுதியை மெல்ல அழித்தால் ஓரத்தில் மட்டும் ஒளிவட்டம் நிற்கும். மேலே இடப்புறம் ஒரு வெள்ளைத் தீற்று. கீழே வலப்புறம் மங்கலாக இன்னொன்று. கடைசியில் ஒரு வானவில் நிறத்தைத் தூவி ஸ்கிரீன் என்ற கலப்பு முறையில் வைத்தால் குமிழி தயார்.

போட்டோஷாப்புக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளிலும் இதே வேலையைச் செய்யலாம். கைப்பேசிச் செயலிகளிலோ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பழகிவிட்டால் ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம். பதினைந்து பேரையும் ஒரே இரவில் முடித்தேன். அந்த ஒரே இரவில் பதினைந்து முகங்களில் ஒன்றைக்கூட நான் நின்று பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பாட்டியின் படம்

என் அம்மாவைப் பெற்ற பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயன் வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாமாவின் வீட்டோடு வந்துவிட்டார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பள்ளி விடுமுறை என்றாலே அந்த வீடுதான். செம்பருத்தி இலைகளைக் கசக்கி, சோப்புத் தண்ணீரில் கலந்து, பப்பாளி இலையின் தண்டை நறுக்கிக் குழலாக்கிக் குமிழி ஊதக் கற்றுக்கொடுத்தவர் பாட்டிதான். இலைச்சாறு கலந்தால் குமிழி சீக்கிரம் உடையாது என்பார். தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அதுதானாம்.

2021 டிசம்பரில் சிலாங்கூரை மூழ்கடித்த வெள்ளம் மாமாவின் வீட்டுக்குள்ளும் புகுந்தது. பாட்டியைத் தூக்கி மாடியில் உட்கார வைத்ததே பெரிது. கீழே அலமாரியில் இருந்த ஆல்பங்களை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகங்கள் தோலாக உரிந்து வந்தன. சுவரில் மாட்டியிருந்த பாட்டியின் படமும் கண்ணாடியோடு ஒட்டிப் பாழானது. நல்லவேளையாக, படிவம் மூன்றில் குடும்ப வரலாறு பற்றிய பள்ளித் திட்டப்பணிக்காக அந்தச் சுவர்ப் படத்தை நான் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தேன். நடுத்தர வயதில் பாட்டி. இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடது கன்னத்தில் மச்சம், ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் சிறியது. அந்த வயதுப் பாட்டிக்கு அந்த ஒரு கோப்பைத் தவிர உலகில் வேறு படம் இல்லை.

2023இல் பாட்டி தவறினார். மறு ஆண்டு, முதலாமாண்டு நினைவஞ்சலியை நாளிதழில் போட வேண்டும் என்றார் மாமா. "நீதான் பல்கலைக்கழகத்துல எல்லாருக்கும் படம் செஞ்சு தர்றியே, ஆயாவுக்கும் நல்லா ஒண்ணு செஞ்சு கொடும்மா" என்றார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பப்பாளித் தண்டும் குமிழியும்தான். பாட்டியைக் குமிழிக்குள் வைப்பதைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறு என்ன இருக்க முடியும்?

அன்றிரவே செய்து முடித்தேன். மறுநாள் அம்மாவிடம் காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழகாத்தான்மா இருக்கு. ஆனா இது எங்கம்மா மாதிரி இல்லையே."

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஸ்பெரைஸ் மூக்கைப் பெருக்கிக் காதுகளை ஓரத்தில் நசுக்கியிருந்தது. நான் தீட்டிய வெள்ளைத் தீற்றுக்கு அடியில் ஒரு மூக்குத்தி மறைந்து போயிருந்தது. பாட்டியின் சிறிய கண் இப்போது பெரிய கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தது. முகம் ஒளிர்ந்தது. ஆனால் அந்த முகத்தை யாருக்கும் தெரியாது.

சரி, பழைய படத்தை எடுத்து மறுபடியும் செய்யலாம் என்று கோப்பைத் திறந்தேன். அங்கேயும் குமிழிதான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் அடுக்குகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அதே பெயரில், மூலப்படத்தின் மேலேயே சேமித்திருக்கிறேன். படம் எடுத்த பழைய கைப்பேசி எப்போதோ பழுதாகிக் கைவிட்டுப் போயிருந்தது. இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். நான் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி ஒன்று அக்காவிடம் இருந்தது. வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய சின்னப் படம். பாட்டி கிடைத்தார். கன்னத்து மச்சம் மட்டும் ஒரு மங்கலான கறையாகிவிட்டது. வெள்ளத்துக்குத் தப்பிய மச்சம் என் கையில் தப்பவில்லை.

உண்மையான குமிழி

அம்மாவின் வார்த்தை என்னை விடவில்லை. இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாய் மொழியில் படித்தவள் நான். ஒளிவிலகல் என்ற சொல்லைவிடப் பெம்பியாசான் என்ற சொல்தான் எனக்கு முதலில் வரும். எந்த மொழியில் படித்தாலும் பாடம் ஒன்றுதான் என்பதை விடுதி அறையில் ஒரு சோதனை செய்து புரிந்துகொண்டேன்.

பாட்டியின் சிறிய படத்தை அச்செடுத்து, லேமினேட் செய்து, மேசைமேல் வைத்தேன். அதன்மேல் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரைத் தடவி, நனைத்த உறிஞ்சு குழாயால் மெல்ல ஊதினேன். பாட்டியின் முகத்தின்மேல் அரைக்கோளமாக ஒரு குமிழி எழுந்தது. குனிந்து பார்த்தேன். முகம் உப்பவே இல்லை. மூக்கு மூக்காகவே இருந்தது. காது காதாகவே இருந்தது.

காரணம் எளியது. குமிழியின் சவ்வு தலைமுடியின் தடிமனில் சுமார் நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். உள்ளேயும் வெளியேயும் காற்று. அவ்வளவு மெல்லிய சவ்வைக் கடக்கும்போது ஒளி தன் வழியிலிருந்து விலகுவதில்லை. பின்னால் உள்ளதை உப்ப வைப்பது கண்ணாடிக் கோலிக்குண்டின் வேலை, குமிழியின் வேலை அன்று. நாம் ஸ்பெரைஸ் போட்டுச் செய்வதெல்லாம் குமிழியே அல்ல, கோலிக்குண்டு.

குமிழி வளைத்துக் காட்டுவது தன்மேல் பட்டுத் திரும்பும் பிம்பங்களை மட்டுமே. அறையின் குழல் விளக்கு அதில் இரண்டு முறை தெரிந்தது. முன்புறச் சவ்வில் நேராக ஒன்று, பின்புறச் சவ்வில் தலைகீழாக இன்னொன்று. நாம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வெள்ளைத் தீற்றுகளைத் தீட்டுகிறோமே, அதன் காரணம் இதுதான் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஓரத்தில் ஒளி அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. நேராகப் பார்க்கும் நடுப்பகுதியில் சவ்வு மிகக் கொஞ்சமே ஒளியைத் திருப்புகிறது. சாய்வாகப் பார்க்கும் ஓரத்தில் நிறையத் திருப்புகிறது. அந்த வானவில் நிறங்களும் சாயம் அல்ல. சவ்வின் முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வருபவை. சவ்வின் தடிமன் மாற மாற நிறமும் மாறுகிறது.

அதாவது, உண்மையான குமிழி தன் அழகையெல்லாம் ஓரத்தில் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பவரை அப்படியே விட்டுவிடுகிறது. நான் செய்த குமிழிதான் நடுவில் இருந்தவரை மாற்றியது.

வெள்ளை பூசும் அடுக்கு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்கிரீன் என்ற கலப்பு முறை எதையும் கறுப்பாக்காது, வெளுக்க மட்டுமே செய்யும். வெளிர் நிற முகத்தின்மேல் அந்த அடுக்கை வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நம்மைப் போன்ற மாநிறத்தவர், கறுப்பு நிறத்தவர் முகத்தின்மேல் வைத்தால் ஒரு சாம்பல் பூச்சு படர்ந்துவிடும். மாதிரிப் படங்களைப் பார்த்துப் பழகும்போது இது நம் கண்ணில் படுவதில்லை. அந்த மாதிரிகளில் பெரும்பாலும் வெளிர் முகங்கள்தாம்.

அறிவிப்புப் பலகையை மறுபடி போய்ப் பார்த்தேன். பதினைந்து பேரும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருந்தார்கள். நேரில் அவர்கள் பதினைந்து நிறம். யாரையும் வெளுக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் நினைக்காமல் செய்தாலும் வெளுப்பு வெளுப்புதானே? மேடையில் நிற வேற்றுமையைக் கண்டித்துப் பட்டிமன்றம் நடத்தும் கழகத்தின் பலகையிலேயே இப்படி நடந்திருக்கிறது. முகத்தின்மேல் இருக்கும் பகுதியை அந்த அடுக்கிலிருந்து அழித்து, ஓரத்தில் மட்டும் நிறத்தை விட்டிருந்தால் போதும். கூடுதலாக ஒரு நிமிட வேலை.

யாருடைய முகம்?

"ஒரு படத்துக்கு இவ்வளவு யோசனையா? வேடிக்கைக்குச் செய்வதுதானே!" என்று என் அறைத்தோழி கேட்டாள். அவள் கேள்வி நியாயமானதுதான். அவளுடைய பிறந்தநாளுக்கு நான் செய்த குமிழிப் படத்தில் அவள் மூக்கு ஒரு சாம்பார் வெங்காயம் அளவுக்கு இருந்தது. அதைப் பார்த்து அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் ஒரு தவறும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் "அழித்துவிடு" என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறது.

பாட்டிக்கு அது இல்லை. தமிழ்ப்பள்ளி முகாம்களில் நாம் படம் எடுத்து அலங்கரிக்கும் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் அது தெரியாது. மறுக்கக்கூடியவரின் படமும் மறுக்க முடியாதவரின் படமும் ஒன்றல்ல.

1886இல் ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே தம் பேரன் குமிழி ஊதி, அது மேலே மிதந்து போவதை அண்ணாந்து பார்ப்பதாக ஓர் ஓவியம் தீட்டினார். ஒரு குழந்தையின் உலகம் என்பது அதற்கு அவர் வைத்த பெயர். பியர்ஸ் சோப்பு நிறுவனத்தார் அதன் உரிமையைப் பெற்று, படத்தில் ஒரு சோப்புக் கட்டியையும் சேர்த்து விளம்பரமாக்கினார்கள். கணினி இல்லாத காலத்திலேயே நடந்த எடிட் வேலை இது. அந்தச் சிறுவன் வளர்ந்து பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல் பதவிவரை உயர்ந்தார். ஆனாலும் பபிள்ஸ் என்ற பட்டப்பெயர் அவரை விடவே இல்லை. ஒரு குழந்தையின் முகத்தின்மேல் யாரோ வைத்த அலங்காரம் அவர் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

நம் வீடுகளில் இன்று நாம்தான் அந்த ‘யாரோ’. குடும்பத்தில் கணினி தெரிந்த பிள்ளை என்று நம்மிடம்தான் படங்கள் வருகின்றன. நினைவஞ்சலிக்குத் தாத்தாவின் அடையாள அட்டைப் படம் வருகிறது. பூப்பு நீராட்டு விழாப் பதாகைக்குத் தங்கையின் படம் வருகிறது. தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்குப் படங்களே அபூர்வம். இருந்தவற்றிலும் பலவற்றை வெள்ளமும் கரையானும் வீடு மாற்றங்களும் கொண்டுபோயின. மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு முகங்கள் நம் மடிக்கணினிகளில் இருக்கின்றன. தெரிந்தோ தெரியாமலோ நாம் காப்பாளர்களாகிவிட்டோம்.

என் வேண்டுகோள்

குமிழிகளைத் தடை செய்யச் சொல்லவில்லை. நண்பர்களே, மூன்றே மூன்று பழக்கங்களைத்தான் கேட்கிறேன்.

முதலாவது, மூலப்படத்தைத் தொடாதீர்கள். படம் கைக்கு வந்தவுடன் நகலெடுத்து, வேறு பெயரில் வேலை செய்யுங்கள். மூலத்தை இரண்டு இடங்களில் வையுங்கள். 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பில் அடுக்குகள் வந்தது 1994இல் மூன்றாம் பதிப்பில்தான். அலங்காரத்தை ஓர் அடுக்கிலும் ஆளை இன்னோர் அடுக்கிலும் பிரித்து வைக்கும் வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைக் கடைசியில் ஒன்றாக அழுத்திச் சேமித்துப் பாழாக்காதீர்கள்.

இரண்டாவது, அலங்காரம் ஓரத்தில் நிற்கட்டும். முகத்தை உப்பவைக்காமலும் வெளுக்காமலும் குமிழி செய்ய முடியும். சொல்லப்போனால் அதுதான் சரியான குமிழி.

மூன்றாவது, அந்த முகத்தோடு வாழ்ந்த ஒருவரிடம் காட்டாமல் வெளியிடாதீர்கள். விழுக்காடு பார்த்துச் சரிசெய்யும் நம் கண்ணைவிட, அந்த முகத்தைப் பார்த்துச் சோறு கேட்ட கண்ணுக்கு அதிகம் தெரியும்.

நினைவஞ்சலிப் படத்தை நான் மறுபடியும் செய்தேன். அக்கா அனுப்பிய சின்னப் படம்தான். ஸ்பெரைஸ் போடவில்லை. ஓரத்தில் மெல்லிய ஒளிவட்டம், நெற்றிக்கு மேலே வெற்றிடத்தில் ஒரு தீற்று, கீழே தோளருகில் தலைகீழாக இன்னொன்று. மூக்குத்தி இரண்டும் தெரிந்தன. மச்சத்தை நானே தீட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தீட்டவில்லை. அந்தக் கறை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா இந்த முறை அதிக நேரம் பார்க்கவில்லை. கறை இருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் ஆயாவுக்கு மச்சம் இருக்கும்" என்று பக்கத்தில் இருந்த என் தம்பிக்குக் காட்டினார்.

இவ்வாண்டுச் செயலவையின் படங்களையும் நானேதான் செய்யப் போகிறேன். பதினைந்து பேரும் தயவுசெய்து ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வாருங்கள். உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஊதுவேன்.